கபிலன் எங்கே கற்றுக்கொண்டான்? 'சார்பட்டா பரம்பரை'யை என் பிள்ளைகளோடு மறுபடி பார்த்தபோது

போன ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. மைதானத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஆனாலும் ஐந்தரை மணிக்கெல்லாம் என்னிடம் குத்துச்சண்டை பழகுகிற பதினோரு பிள்ளைகள் வந்து, தோளில் கிளவுஸைத் தொங்கவிட்டுக்கொண்டு, தகரக் கொட்டகைக்குக் கீழே ஒண்டி நின்றார்கள். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என் மனைவி பெரிய வாணலியில் உப்புமா கிண்டினாள். பிள்ளைகள் ஈரத் தலையோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். அமேசான் பிரைமில் 'சார்பட்டா பரம்பரை' என்கிற குத்துச்சண்டைப் படத்தைப் போட்டேன்.

2021 ஜூலையில் படம் வந்தபோது ஒரே ராத்திரியில் தனியாகப் பார்த்து முடித்தேன். அப்போது ஊரடங்கால் மைதானம் பூட்டிக் கிடந்தது. பல மாதங்களாக ஒரு பிள்ளைக்குக்கூட பேட் (குத்து வாங்கக் கையில் மாட்டுகிற மெத்தை) பிடிக்காமல் இருந்த எனக்கு, அந்தப் படத்தில் கேட்ட குத்துச் சத்தமே போதுமாக இருந்தது. குறை நிறை எதையும் யோசிக்கவில்லை. இந்த முறை அப்படி இல்லை. குத்துச்சண்டை பழகுகிற பதினோரு ஜோடிக் கண்கள் கூட இருந்தன. அவர்கள் விடமாட்டார்கள்.

ராமன் என்கிற பாக்ஸரும் நாயகன் கபிலனும் பிராக்டீஸில் மோதுகிற காட்சி வந்தது. பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் கேட்டான்: "மாஸ்டர், இவன் ஒரு நாள்கூட பிராக்டீஸுக்குப் போகலையே. எப்படி மாஸ்டர் ராமனைப் போட்டு இந்த அடி அடிக்கிறான்?"

ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். "நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"அவங்க அப்பா பாக்ஸர்ல. ரத்தத்துலயே வந்திருக்கும்" என்றான் ஒருத்தன்.

"ஹீரோடா. ஹீரோன்னா அடிப்பான்" என்றான் இன்னொருத்தன். ரொம்பப் பேர் அதற்குத்தான் தலையாட்டினார்கள்.

சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் மட்டும், "சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினே இருந்தான்ல மாஸ்டர்? அதான்" என்றாள்.

ரத்தம், ஹீரோ, பார்வை. இந்த மூன்று பதிலில் எது சரி என்பதைப் படம் எந்த அளவுக்குக் காட்டுகிறது? இந்த விமரிசனமே அதைப் பற்றித்தான். நடிப்பு, இசை, 1970களின் மெட்ராஸ் எல்லாவற்றையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பா. ரஞ்சித்தின் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாயகனுக்கு ஒரு வித்தை தெரியும் என்றால், அது அவனுக்கு எப்படி வந்தது என்று திரையில் காட்டத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இந்த விஷயத்தை லேசாக விட முடியவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகள். இரண்டும் நிஜத்திலும் இருந்த பரம்பரைகள்தான். சார்பட்டாவின் வாத்தியார் ரங்கன், அதாவது பசுபதி. எதிரணியின் வேம்புலியை அடித்துக் காட்டாவிட்டால் சார்பட்டா இனி மேடையே ஏறாது என்று சவால் விட்டுவிடுகிறார். அவர் தேர்ந்தெடுப்பது ராமனை. பெற்ற மகன் வெற்றிச்செல்வனை இல்லை. கபிலன், அதாவது ஆர்யா, இந்த ஆட்டத்திலேயே கிடையாது. கூலி வேலை பார்த்துக்கொண்டு, எந்தச் சண்டையையும் விடாமல் போய்ப் பார்க்கிற ஒரு ரசிகன். அவன் குத்துச்சண்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே கூடாது என்று அம்மா பாக்கியம் கட்டளை. பாக்ஸராக இருந்து பிறகு ரவுடியாகி வெட்டுப்பட்டுச் செத்த புருஷனைப் பார்த்தவள் அவள். மகனைத் துடைப்பக்கட்டையால் அடித்துத்தான் அந்தக் கட்டளையைக் காப்பாற்றுகிறாள்.

இப்போது அந்த ராமன் காட்சிக்கு வருகிறேன். இதை இரண்டு தரம் பின்னால் ஓட்டிப் பார்த்தோம்.

கபிலன் உள்ளே இறங்கியதும் என் கண் அவன் கையைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தது. ஒருத்தன் பழகினவனா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி அதுதான். பழகாதவன் குத்த வரும்போது இரண்டு காலும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும். பழகினவனுக்கு முன்கால் போன தூரமே பின்கால் வரும். நடுவில் உள்ள இடைவெளி கூடாது, குறையாது. ஆர்யாவின் கால்கள் அந்த இடைவெளியை விடவே இல்லை. இதற்காக அந்த மனிதர் எவ்வளவு உழைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். உடம்பை முறுக்கேற்றுவது சுலபம். காலுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஆனால் அந்தக் காட்சியின் உயிர் ஆர்யாவிடம் இல்லை, பசுபதியின் முகத்தில் இருக்கிறது. முதலில் அதில் எரிச்சல்தான் தெரிகிறது. அப்புறம் கண் சுருங்குகிறது. அப்புறம் தலை கொஞ்சம் முன்னால் நீள்கிறது. தான் யாருக்கோ சொல்லிக்கொடுத்ததை, தான் சொல்லியே கொடுக்காத ஒருத்தன் செய்வதைப் பார்க்கிற முகம் அது. அந்த அடிகள் ரங்கனுடைய அடிகள். தன் கையெழுத்தை அடுத்தவன் நோட்டில் பார்க்கிற வாத்தியார் மாதிரி நிற்கிறார் மனிதர். பயிற்சி எடுப்பதை ஒரு காட்சிகூடக் காட்டாமலே, கபிலன் எங்கே கற்றான் என்பதற்கு இங்கே பதில் வந்துவிடுகிறது. கூட்டத்தில் நின்று கற்றிருக்கிறான். வாத்தியாரின் வாயைப் பார்த்தும், அவர் மாணவர்களின் காலைப் பார்த்தும், வருஷக்கணக்கில் கற்றிருக்கிறான். அந்தப் பெண் சொன்ன பதில்தான் சரி.

பார்த்தே கற்க முடியுமா என்று கேட்டால், பாதி முடியும் என்பேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் 1980ல் முகமது அலியை நேரில் பார்த்தவர். அலி அப்போது சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். எங்கள் வாத்தியார் கேலரியில் தூரத்தில் உட்கார்ந்திருந்தாராம். அலியின் முகம் சரியாகத் தெரியவில்லை, கால் மட்டும் நன்றாகத் தெரிந்தது என்பார். அந்தக் கதையை அவர் ஒரு நூறு தரமாவது சொல்லியிருப்பார். ஒரு தரம்கூட அலியின் குத்தைப் பற்றிச் சொன்னதில்லை. "மனுஷன் தரையில நிக்கல, தரை அவர் கால்ல ஒட்டிக்கினு கூடவே வந்துச்சு" என்பார். அன்று ராத்திரி வீட்டுக்குப் போகாமல் தெருவிளக்குக்குக் கீழே நின்று அந்தக் காலைப் போட்டுப் பார்த்தாராம். வரவில்லை. அப்புறம் தினமும் போட்டாராம். நான் 1994ல் அவரிடம் சேர்ந்தபோது, நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவருடைய காலில் அந்த ராத்திரி பார்த்தது கொஞ்சம் மிச்சம் இருந்தது. நிச்சயமாக இருந்தது. நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

அதே வாத்தியார் என்னை முதல் நாற்பது நாள் குத்தவே விடவில்லை. சுண்ணாம்பால் தரையில் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டின் மேல் முன்னால் போ, பின்னால் வா என்பார். கை இரண்டும் தாடையில் இருக்க வேண்டும். இறங்கினால் பிரம்பு. பார்த்துக் கற்றது கண்ணுக்குத்தான் வரும், காலுக்கு வர வேண்டுமென்றால் தேய வேண்டும் என்பது அவர் கொள்கை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் என்னிடம் சேர்ந்தான். இரண்டு வருஷமாக செல்போனில் சண்டைகளாகப் பார்த்துத் தள்ளியவன். எந்த வெளிநாட்டு பாக்ஸரின் பெயரைச் சொன்னாலும் அவர் எந்தக் கையில் முடிப்பார் என்று சொல்வான். சரி, ஸ்கிப்பிங் கயிறு போடு என்றேன். ஒரு ரவுண்டு, மூன்றே நிமிஷம். ஒரு நிமிஷம் பத்து செகண்டில் கயிற்றைப் போட்டுவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். உதடு வெளுத்துவிட்டது. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். அடுத்த வாரம் பெரிய பையன் ஒருத்தனை எதிரில் நிறுத்தி, குத்தாமல் தூரம் மட்டும் பார்க்கச் சொன்னேன். அங்கே அசந்துபோனேன். எதிரி கை நீட்டினால் எட்டும், எட்டாது என்கிற அந்த அரை அடிக் கணக்கு அவனுக்கு அத்துப்படியாக இருந்தது. ஆறு மாதம் பழகின பிள்ளைகளுக்கே வராத கணக்கு அது. பார்த்தே வந்திருக்கிறது.

அதனால் கபிலனின் கண்ணை நான் நம்புகிறேன். தூரமும் நேரமும் அவனுக்குத் தெரியும் என்றால் சரி, தெரியும். உழைத்துப் பிழைக்கிற உடம்பு, ஆகவே தோளில் பலம் இருக்கும், அதுவும் சரி. நான் நம்பாத இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் படத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை.

அது முதல் அடி வாங்குவது.

மூக்கில் முதல் தரம் ஒரு நேர்க்குத்து விழும்போது என்ன ஆகும் தெரியுமா? வலி அப்புறம்தான். முதலில் கண்ணில் தண்ணீர் கொட்டும். அழுகை கிடையாது, தானாகக் கொட்டும். உலகமே கலங்கிப்போகும். கண் மூடிக்கொள்ளும். மூடிய அந்த நொடியில் இரண்டாவது குத்து வரும். அதைவிட மோசம், மனசுக்குள் ஒரு அவமானம் வரும். "என்னை அடிச்சுட்டான்" என்று. எவ்வளவு தைரியசாலிப் பிள்ளையாக இருந்தாலும் முதல் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) முடிந்து அந்த முகத்தோடுதான் கயிற்றைத் தாண்டி வெளியே வரும். கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே அடி வாங்கப் பழகுவதற்குப் பல மாதம் ஆகும். இதை எந்த ரசிகனும் கூட்டத்தில் நின்று கற்க முடியாது. அடி வாங்கித்தான் கற்க வேண்டும்.

கபிலனுக்கு அந்த முதல் அடியைப் படம் கொடுக்கவில்லை. ராமனிடம் அவன் வாங்குகிற குத்துகளை ஏற்கெனவே ஐம்பது மேடை கண்டவன் மாதிரி வாங்கிக்கொள்கிறான். ஒரே ஒரு நொடி, அவன் கண் கலங்கி, கை தாழ்ந்து, "ஐயோ இது நான் பார்த்த மாதிரி இல்லையே" என்று தெரிந்துகொள்கிற ஒரு நொடி இருந்திருந்தால், அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டான். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படத்தில் அந்த ஒரு நொடிக்கு இடம் இல்லாமலா போனது?

இதைச் சொன்னபோது பிள்ளைகளில் ஒருத்தன், "படம்னா எல்லாத்தையும் காட்ட முடியுமா மாஸ்டர்?" என்றான். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் காட்ட வேண்டாம். 'பாட்ஷா'வில் மாணிக்கம் எங்கே சண்டை கற்றான் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் படத்தின் சுவையே மறைத்துவைப்பதில்தான் இருக்கிறது. கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும்போது அவன் பேசாமல் வாங்கிக்கொள்கிறானே, அந்தப் பொறுமையிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது இவனிடம் ஏதோ இருக்கிறது என்று. அங்கே அடி வாங்குவதுதான் ஆதாரம். ஆனால் குத்துச்சண்டைப் படம் வேறு. ஆட்டம்தான் கதை. ஆட்டத்தில் ஜெயிக்கிறவன் எதனால் ஜெயிக்கிறான் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாவிட்டால், மேடையில் நடப்பது வெறும் சத்தமாகிவிடும்.

வித்தையைக் காட்ட இன்னொரு வழியும் இருக்கிறது. அதை இந்தப் படம் பிரமாதமாகச் செய்திருக்கிறது. நாயகனை விட்டுவிட்டு, முதலில் எதிரிகளின் வித்தையைக் காட்டிவிடுவது. வேம்புலியாக ஜான் கொக்கேன். ஆரம்பச் சண்டையிலேயே சார்பட்டா ஆளை வேம்புலி எப்படி அடித்துச் சாய்க்கிறான் என்று பார்த்துவிடுகிறோம். அவன் வேகக்காரன் இல்லை. சுவர் மாதிரி நகர்ந்து வருகிறவன். அந்தச் சுவரை ஒரு தரம் பார்த்துவிட்டால், அப்புறம் கபிலன் பெயரை யார் சொன்னாலும் நம் வயிற்றில் ஒரு பயம் தானாக வந்துவிடுகிறது.

அப்புறம் டான்சிங் ரோஸ். ஷபீர் கல்லரக்கல். இந்தப் பாத்திரத்தைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். மேடைக்கு வருகிற விதத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது. உடம்பு முழுவதும் தாளம். கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு, தாடையைத் திறந்து காட்டிக்கொண்டு, அடிக்கிறாயா அடி என்று ஆடுகிறார். எனக்கு இங்கிலாந்தின் நசீம் ஹமீது ஞாபகம் வந்தது. இடுப்புக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, எதிரியின் கண்ணுக்கு முன்னாலேயே தலையை வளைத்துக் குத்துகளைக் காற்றில் போகவிடுவாரே, அந்த ஆள். அப்படி ஆட ஒருத்தனுக்கு எவ்வளவு கால் பலம் வேண்டும்! ரோஸ் எங்கே கற்றான், யார் வாத்தியார், ஒன்றும் படம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவன் ஆடுகிற ஆட்டமே அவன் வாழ்க்கைக் கதையைச் சொல்லிவிடுகிறது. சண்டை அமைத்த அன்பறிவ் இரட்டையர்களுக்கும், காலைச் சட்டகத்துக்குள் வைத்த ஒளிப்பதிவாளர் முரளி ஜி.க்கும் ஒரு கும்பிடு. நிறையப் படங்களில் குத்துச்சண்டை என்றால் முகமும் ரத்தமும்தான் தெரியும். கால் வெட்டுப்பட்டுப்போகும். கால் தெரியாத குத்துச்சண்டை, கை தெரியாத வீணைக் கச்சேரி மாதிரி.

ரோஸோடு மோதுகிற சண்டையில் கபிலனுக்கு முதலில் ஒன்றும் எட்டவில்லை. அடிக்கிற இடத்தில் ஆள் இல்லை. அப்புறம் அவன் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பிக்கிறான். அவனுக்குத் தெரிந்த வித்தையே அதுதானே? சின்ன வயதிலிருந்து செய்துவந்த வேலை அதுதானே? ரோஸின் தாளத்தைப் பிடித்து, அந்தத் தாளம் திரும்பி வருகிற இடத்தில் குத்தை வைக்கிறான். அந்தச் சண்டை முடிந்தபோது அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ராமன் காட்சியில் விட்ட நம்பிக்கையைப் படம் இங்கே சம்பாதித்துவிட்டது.

இனி 'ரத்தம்'. இந்தப் பதில்தான் எனக்கு மிகவும் கவலை தருவது.

"எங்க குடும்பத்துல யாரும் ஆடினதில்ல மாஸ்டர், எனக்கு வருமா?" என்று கேட்காத பிள்ளையே கிடையாது. அம்மாக்களும் கேட்கிறார்கள். ஒரு வித்தை ரத்தத்தில் வரும், சாதியில் வரும், வம்சத்தில் வரும் என்று நம்பிப் பழகின ஊர் இது. ஒரு படம் தன் நாயகன் எப்படிக் கற்றான் என்று காட்டாமல் விட்டால், அந்தக் காலி இடத்தில் பார்க்கிறவன் இதைத்தான் போட்டு நிரப்புவான். என் பையன் நிரப்பியதைப் பார்த்தீர்களே. அப்பா பாக்ஸர், ஆகவே மகன் பாக்ஸர்.

படத்தின் தலைப்பிலேயே 'பரம்பரை' இருக்கிறது. ஆனால் இந்தப் பரம்பரை பிறப்பால் வருவது இல்லை. ஒரு வாத்தியாரிடம் பழகினவர்கள் எல்லாரும் ஒரு பரம்பரை. அதற்குக் கதையிலேயே சாட்சி இருக்கிறது. ரங்கனின் ரத்தம் வெற்றிச்செல்வன். கலையரசன் அந்த ஏக்கத்தை நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் ரங்கன் அவனை மேடையேற்றவில்லை. அவருடைய வித்தை போய்ச் சேர்வது, அவருக்கு எந்த உறவும் இல்லாத, தூரத்தில் நின்று பார்த்த ஒருத்தனிடம். அப்பாவின் ரத்தத்தில் கபிலனுக்கு வந்தது என்று எதையாவது சொல்லத்தான் வேண்டும் என்றால், பாக்கியம் பயப்படுகிற அந்தக் கத்தியும் குடியும்தான். பிற்பாதியில் அதுவும் வருகிறது. அனுபமா குமார் அந்தப் பயத்தை முகத்தில் சுமந்துகொண்டே நடிக்கிறார்.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னேன். 'ரத்தம்' என்று சொன்ன பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் அப்பா கொத்தனார்.

'ஹீரோ' என்கிற பதிலுக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நட்சத்திரம் என்பதாலேயே ஜெயிக்கிறவனைப் பார்த்துக் கைதட்டலாம், கற்க ஒன்றும் கிடைக்காது. 2016ல் வந்த 'இறுதிச்சுற்று' இந்த வகையில் கொடுத்துவைத்த படம். ரித்திகா சிங் நிஜத்திலேயே சண்டை பழகினவர். அவர் தோளைத் திருப்புகிற ஒரு திருப்பே போதும், இயக்குநர் தனியாக ஒன்றும் நிரூபிக்க வேண்டியதில்லை. அக்காவுக்கு அநியாயம் நடந்தது என்று நடுவர்கள் மேல் பாய்கிறாளே மதி, அந்த ஆத்திரத்திலும் குத்து நேராகப் போகிறது. கோச்சின் கண்ணில் அது படுகிறது. அங்கும் பாருங்கள், ஒரு வாத்தியாரின் கண் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. 1976ல் வந்த 'ராக்கி'யும் நாயகனை ஆரம்பத்திலேயே ஒரு சின்ன மண்டபத்தில் கூலிக்குச் சண்டை போடுகிறவனாகக் காட்டிவிடுகிறது. அவனுடைய உச்சவரம்பு எங்கே என்று நமக்குத் தெரியும். அதனால்தான் கடைசியில் அவன் தோற்றும் நாம் அவனோடு நிற்கிறோம்.

பிற்பாதிக்கு வருகிறேன். படம் நீளம், இரண்டாம் பாதி இழுக்கிறது என்று பலர் சொன்னார்கள். என் வீட்டிலும் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். ஆனால் எனக்கு இந்தப் படத்தின் மிகச் சிறந்த வேலை அங்கேதான் இருக்கிறது. 1976 ஜனவரி 31ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்படுகிற நேரம். வேம்புலியோடு நடக்கிற சண்டையில் கபிலன் கை ஓங்கும்போது கலவரம் வெடிக்கிறது. ரங்கனைப் போலீஸ் கொண்டுபோகிறது. கபிலனைத் துணியை உருவி அவமானப்படுத்துகிறார்கள். அதற்குப் பிறகு அவன் அப்பா போன வழியில் போகிறான். சாராயம், அடிதடி, தொப்பை.

அந்தத் தொப்பையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. நான் அறிந்த ஆட்கள் அப்படிப் போயிருக்கிறார்கள். என்னோடு ஒரே கோட்டில் நடந்து பழகினவன் ஒருத்தன். எங்கள் செட்டில் அவனுக்குத்தான் வேகம். ஒரு மேடையில் நியாயமாக ஜெயித்ததை நடுவர்கள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அன்றோடு கிளவுஸைக் கழற்றினான். ஐந்து வருஷம் கழித்துக் கல்யாண வீடு ஒன்றில் பார்த்தேன். பாசமாக வந்து கட்டிக்கொண்டான், விளையாட்டுக்கு ஸ்டான்ஸில், அதாவது குத்தத் தயாராகிற நிலையில் நின்றான். கால் நின்றது. சரியாக நின்றது! ஆனால் இரண்டு அடி நகர்வதற்குள் மூச்சு வாங்கிச் சிரித்தான். வித்தை போகாது, அதைத் தூக்கிச் சுமக்கிற உடம்பு போய்விடும்.

இதைத் தமிழ்த் திரையில் இவ்வளவு நேரம் ஒதுக்கிக் காட்டியதற்காக இந்தக் குழுவை வணங்குகிறேன். ஒருத்தனுக்குத் திறமை இருக்கிறது என்று நம்பவைக்க அவன் அதைச் சம்பாதிப்பதைக் காட்டலாம், தொலைப்பதையும் காட்டலாம். தொலைப்பதைக் காட்டுவது இன்னும் ஆழமாக இறங்குகிறது. தொலைக்க முடிகிற ஒன்று என்றால் அது பிறவியில் ஒட்டிக்கொண்டு வந்தது இல்லை என்று ஆகிவிடுகிறதே.

ஆனால் அதைத் திரும்பச் சம்பாதிப்பதைக் காட்டும்போது மட்டும் படம் அவசரப்பட்டுவிட்டது. இது என் இரண்டாவது குறை. பீடி ராயப்பன் என்கிறவரிடம் பயிற்சிக்குப் போகிறான் கபிலன். கடற்கரை, வியர்வை. எல்லாம் அழகு. ஆனால் ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் தொப்பை கரைந்துவிடுகிறது. சரிவதற்கு அத்தனை காட்சி கொடுத்தவர்கள், ஏறுவதற்கும் இரண்டு மூன்று முழுக்காட்சி கொடுத்திருக்கலாம். மூச்சு திரும்பி வருவது எவ்வளவு மெதுவாக நடக்கும் தெரியுமா? முதல் வாரம் வாந்தி வரும். இரண்டாவது வாரம் கால் ஆடுதசை பிடித்துக்கொள்ளும், ராத்திரி தூக்கத்தில் கத்தவைக்கும். ஒரு நாள் காலையில் திடீரென்று கயிறு மூன்று நிமிஷம் நிற்காமல் ஓடும். அன்றைக்கு அந்த ஆள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு காலையைக் கபிலனுக்குக் கொடுத்திருக்கலாம்.

கடைசிச் சண்டையிலும் இதன் பாதிப்பு தெரிகிறது. வேம்புலியிடம் செம்மையாக அடி வாங்கி, விழுந்து, எழுந்து ஜெயிக்கிறான். அவனை எழுப்புவது ராயப்பனிடம் புதிதாகக் கற்றதா, உள்ளே இருக்கிற வைராக்கியமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. வைராக்கியம் ஒருத்தனை எழுப்பி நிறுத்தும். நிறுத்தினபிறகு ஜெயிக்கவைப்பது கால்தான். ராயப்பன் சொன்ன ஒரே ஒரு விஷயம், ஒரு அடி, ஒரு திருப்பம், அந்தச் சண்டையில் திரும்பி வந்து வேம்புலியைச் சாய்த்திருந்தால் ரோஸ் சண்டையைவிட இது உயர்ந்திருக்கும். இப்போதைக்கு எனக்கு ரோஸ் சண்டைதான் ஒரு படி மேலே நிற்கிறது.

அவசியம் பார்க்க வேண்டிய படம்தான். பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பத் தயங்குகிற பெற்றோர் பாக்கியத்துக்காகப் பார்க்கலாம். குத்துச்சண்டை பழகுகிறவர்கள் ராமன் காட்சியையும் ரோஸ் சண்டையையும் சத்தத்தை அணைத்துவிட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு தரம் பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெட்டுக்குத்தும் குடியும் தூக்கலாக இருக்கும். நான் இரண்டு இடங்களில் ஓட்டிவிட்டேன்.

படம் முடிந்தபோது மழை விட்டிருந்தது. எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. "மாஸ்டர், ராமன் சண்டையை இன்னொரு தபா போடுங்களேன்" என்றாள். போட்டேன். டிவிக்குப் பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். ஆர்யாவின் பின்காலைக் காட்டி, "குதிகால் தூக்கியே இருக்கு பாருங்க. நீங்க எங்கிட்ட தெனமும் திட்றது இதுக்குத்தானே?" என்றாள்.

ஆமாம், அதற்குத்தான். மூன்று மாதமாகத் திட்டுகிறேன். குத்தும்போது அவளுடைய பின்குதிகால் தரையில் ஆணி அடித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். குத்தில் பாதி பலம் அங்கேயே தங்கிவிடும்.

மறுநாள் காலையில் மைதானத்தில் தண்ணீர் வடிந்து சேறாக இருந்தது. கொட்டகைக்குள் நின்று அவளுக்கு பேட் பிடித்தேன். முதல் ஏழெட்டுக் குத்து வழக்கம்போலத்தான். அப்புறம் ஒரு வலதுகைக் குத்து. பேட் வழியாக என் தோள்பட்டை வரைக்கும் வந்தது. கீழே பார்த்தேன். அவளுடைய பின்கால் பெருவிரலில் ஊன்றித் திரும்பி நின்றது. குதிகாலுக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் இரண்டு விரல்கடை இடம் இருந்தது.